தாய்லாந்துப் பேய்ப் படம்: எந்தப் பேயிலிருந்து ஆரம்பிப்பது?

தாய்லாந்துப் பேய்ப் படம் ஏதாவது பார்க்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் வந்து விழுகிற பெயர் 'ஷட்டர்'. 2004-ல் வந்த படம், பன்ஜோங் பிசந்தனகூனும் பார்க்பூம் வோங்பூமும் சேர்ந்து இயக்கியது, தமிழில் 'சிவி' என்று 2007-ல் மறுபடி எடுக்கப்பட்டதால் நம்மில் பலருக்குக் கதையும் தெரியும். நல்ல படம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாய்லாந்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற பேய்களைப் பார்க்க வேண்டும் என்றால் அது சரியான வாசல் இல்லை. புகைப்படத்தில் விழும் உருவம், தனக்கு நடந்த கொடுமைக்குக் கணக்குத் தீர்க்க வரும் பெண், இந்தக் கதையை எந்த நகரத்திலும் கொண்டுபோய் வைக்கலாம். 2008-ல் ஹாலிவுட்காரர்கள் அதைத் திரும்ப எடுத்தபோது டோக்கியோவில் வைத்தார்கள், கதைக்கு ஒரு சேதமும் இல்லை.

அதனால் ஷட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, நாட்டார் கதைகளிலிருந்தும் கிராமத்து நம்பிக்கைகளிலிருந்தும் வந்த ஐந்து படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 'நாங் நாக்' (1999), 'பீ மாக்' (2013), 'இன்ஹியூமன் கிஸ்' (2019), 'தி மீடியம்' (2021), 'டெத் விஸ்பரர்' (2023). எது அதிகம் பயமுறுத்துகிறது என்று மட்டும் பார்த்தால் தேர்வு சுலபம், தி மீடியம்தான், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்ப்பது வேறு ஒன்றை. படத்தில் இருக்கிற பேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பேயை வைத்தால் கதை அப்படியே ஓடுமா? ஓடும் என்றால் அந்தப் பேய் வெறும் அலங்காரம். ஓடாது என்றால் அந்தப் படம் அந்த மண்ணுக்குச் சொந்தமானது, முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தாய்லாந்தில் பேய் என்று பொதுவாக ஒன்று கிடையாது. 'ஃபீ' என்ற பொதுப்பெயருக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி இருப்பிடம், தனித் தீனி, அதை விரட்டத் தனி வழி. வாழை மரத்தில் பச்சை உடையோடு இருப்பவள் நாங் தானி. பனை மர உயரமும் ஊசித்துளை அளவு வாயுமாகப் பசியில் அலைவது ப்ரேத். ஆள் மேல் ஏறி உள்ளிருந்தே குடலைத் தின்பது வடகிழக்கு ஈசான் பகுதியின் போப். அகாலச் சாவு சாகிறவர்கள் தனி வகை, அதிலும் வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போகிற பெண்ணின் ஆவிதான் எல்லாவற்றிலும் கொடியது என்பார்கள்.

அந்தக் கடைசி வகையில் வருபவள்தான் மே நாக். அந்த நாட்டில் அவளைத் தெரியாத ஆளே இருக்க முடியாது.

கதை இதுதான். பாங்காக்கின் ப்ரா கனோங் கால்வாய்க் கரையில் மாக், நாக் என்று ஒரு தம்பதி. அவள் பிள்ளையுண்டாகி இருக்கும்போது அவனைப் படைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்துவிடுகிறார்கள். அவன் திரும்பி வருகிறான், வாசலில் கைக்குழந்தையோடு மனைவி காத்திருக்கிறாள். ஊரே பயந்து ஒதுங்கி நிற்கிறது, சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒருநாள் அவள் சமையல் செய்துகொண்டிருக்கும்போது எலுமிச்சம்பழம் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுகிறது, அவர்கள் வீடு தூண் மேல் கட்டிய உயரமான வீடு. அவள் எழுந்து போகவில்லை, கையை நீட்டுகிறாள், கை நீண்டுகொண்டே கீழே மண் வரை போய்ப் பழத்தை எடுத்துவிட்டு வருகிறது. அவன் பார்த்துவிடுகிறான். ஓடுகிறான், கோயிலில் அடைக்கலம் புகுகிறான், கடைசியில் சோம்தெத் தோ என்ற புகழ்பெற்ற பிக்கு வந்து அவளை அடக்குகிறார், அவளுடைய நெற்றி எலும்பை எடுத்து இடுப்புக் கச்சையில் அணிந்துகொண்டார் என்பது வழக்கு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1899-ல் கே.எஸ்.ஆர். குலாப் என்பவர் 'சயாம் பிரபேத்' என்ற தன் இதழில் இந்தக் கதைக்கு வேறு ஒரு பின்னணி எழுதினார். நாக் என்ற பெண் நிஜத்தில் இருந்தாள், அந்த ஊர்த் தலைவரின் மகள், கணவன் ராமாயண முகமூடி நாடகத்தில் ராவணன் வேடம் கட்டும் சும் என்ற நடிகன், வசதியான குடும்பம். அவள் கர்ப்பிணியாக இறந்ததும் அப்பா மறுமணம் செய்துகொண்டால் சொத்து கைமாறிப் போகுமே என்று பயந்த பிள்ளைகள், அம்மா பேயாக வருகிறாள் என்று கிளப்பிவிட்டார்கள் என்கிறார் அவர். சரி, சொத்துத் தகராறிலிருந்து கிளம்பிய வதந்தி என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அது நாடகமாகி, படமாகி, தொலைக்காட்சித் தொடராகி, 2003-ல் சோம்தோவ் சுசரித்குல் என்ற இசையமைப்பாளர் கையில் ஓபராவாகி, இன்றைக்கு வாட் மஹாபுத் கோயிலில் அவளுக்கென்று ஒரு சன்னதியே இருக்கிறது. ஆன் நுட் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். பட்டுடை, வளையல், குழந்தைக்குப் பொம்மை, பால் என்று கொண்டுவந்து படைக்கிறார்கள், அவள் பார்ப்பதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். லாட்டரி எண் கேட்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். கட்டாய ராணுவச் சேவைக்கான குலுக்கலில் தங்கள் பிள்ளைக்குச் சிவப்புச் சீட்டு விழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வருகிறவர்கள் இன்னொரு பக்கம். கணவனைப் படைக்குப் பறிகொடுத்துத் தவித்தவளிடம் போய் அதைக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது பாருங்கள். அவள் பேய்தான், ஆனால் அவளுடைய துக்கம் என்ன என்று ஊருக்குத் தெரியும்.

இந்த ஒரே கதைதான் முதல் இரண்டு படங்களுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது மாதிரி இருக்கும்.

நோன்சி நிமிபுத்ர் நாங் நாக்கை எடுத்த நேரம் முக்கியம். 1997 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு தாய்லாந்து சினிமாவும் படுத்துக் கிடந்தது. மே நாக் கதையோ அதற்கு முன்பே எத்தனையோ தடவை படமாகித் தேய்ந்துபோனது, 1959-ல் பிரியா ரூங்ருவாங் நடித்த படம் பெரிய வெற்றி, அதைத் தொடர்ந்து அதே பாணியில் வரிசையாகப் படங்கள். விரிந்த கூந்தல், வெள்ளை உடை, நீளும் கை, அலறல் என்று ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டிருந்தது. நோன்சி அந்த வாய்ப்பாட்டைக் கலைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் வாழ்ந்த பெண் எப்படி இருந்திருப்பாள் என்று யோசித்து, நாக்காக நடித்த இந்திரா ஜரோன்புராவுக்குக் குட்டையாக வெட்டிய முடியும் வெற்றிலைக் கறையால் கறுத்த பற்களும் கொடுத்தார். விசித் சாசனதியேங் எழுதிய திரைக்கதையில் பேயின் வேகத்தைவிட ஆற்றின் வேகம்தான் அதிகம் தெரிகிறது. மழை, சேறு, கால்வாயின் மேல் பனி, தவளைச் சத்தம், ஒரு பிரசவம். பிரசவக் காட்சியையும் கணவன் குண்டடிபட்டுக் கிடக்கும் காட்சியையும் மாற்றி மாற்றிக் காட்டுகிற இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. மருத்துவச்சியின் பிணத்தை உடும்புகள் மொய்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். படம் ஏறத்தாழ 15 கோடி பாட் வசூலித்தது, அன்றைக்கு அது ஒரு தாய்லாந்துப் படத்துக்கு நம்ப முடியாத தொகை.

பேயை மாற்றிப் பார்க்கும் சோதனையை இதில் வைத்துப் பாருங்கள். நாக்குக்குப் பதில் வேறு எந்த ஆவியையும் அந்த வீட்டுக்குள் உட்கார வைக்க முடியாது, ஏனென்றால் அவள் யாரையும் பழி வாங்க வரவில்லை, குடும்பம் நடத்த வந்திருக்கிறாள். கொலைகூட அந்தக் குடும்பத்தைக் கலைக்க வருகிறவர்களைத் தடுக்கத்தான்.

பீ மாக் 14 வருடம் கழித்து, ஷட்டர் எடுத்த அதே பன்ஜோங் தனியாக எடுத்தது. மாக்காக மரியோ மாவ்ரர், நாக்காக டாவிகா ஹூர்ன். 100 கோடி பாட்டைத் தாண்டி வசூல் செய்த படம். போரிலிருந்து மாக் தனியாக வராமல் நான்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான் மாற்றம், அந்த ஒரு மாற்றத்தில் முழுக் கதையும் நகைச்சுவையாகிவிடுகிறது. யார் பேய், யார் மனிதன் என்று அந்த நால்வரும் மாறி மாறிச் சந்தேகப்படுவது, பேய் என்று தெரிந்தும் நண்பனிடம் சொல்ல வாய் வராமல் தவிப்பது, இதெல்லாம் திரையரங்கில் கூட்டத்தோடு பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் இது வெறும் கேலிப் படம் கிடையாது. தலைப்பிலேயே கவனியுங்கள், இத்தனை காலமும் மனைவி பெயரில் சொல்லப்பட்ட கதை இங்கே கணவன் பெயரில் இருக்கிறது. பழைய கதையில் அவன் பயந்து ஓடினான். உண்மையிலேயே அவளை நேசித்திருந்தால் ஓடியிருப்பானா என்ற கேள்வியைத்தான் படம் கடைசியில் கேட்கிறது, அதற்கு அது சொல்லும் பதிலை இங்கே சொல்லி உங்கள் சுகத்தைக் கெடுக்க மாட்டேன்.

இந்த இரண்டில் முதலில் எது என்று கேட்டால் தயங்காமல் நாங் நாக். நிறையப் பேர் தலைகீழாகத்தான் சொல்கிறார்கள், பீ மாக் ஜாலியாக இருக்கும், அதில் ஆரம்பித்தால் ஆர்வம் வரும் என்று. அந்த வாதம் எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. பீ மாக்குக்குப் போன ஒவ்வொரு தாய்லாந்து ரசிகருக்கும் எலுமிச்சம்பழம் எப்போது விழும், கை எப்போது நீளும் என்று முன்பே தெரியும். அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் படத்தின் பாதிச் சிரிப்பு நிற்கிறது. கதை தெரியாமல் போய் உட்கார்ந்தால் நாலு பேர் கத்திக்கொண்டு ஓடுவது மட்டும்தான் மிஞ்சும், கடைசி இருபது நிமிடத்தின் கனமும் முழுசாக இறங்காது. நாங் நாக்கை ஒரு வாரம் முன்னால் பார்த்துவிட்டுப் போனால் அதே படம் இரண்டு மடங்காகத் தெரியும்.

இனி க்ராசு. இரவில் ஒரு பெண்ணின் தலை உடம்பிலிருந்து கழன்று, குடல், இதயம் எல்லாம் கீழே தொங்க, மங்கலான ஒளியோடு வயல் மேல் மிதந்து போகும். பச்சை இறைச்சி, அசுத்தம், பிரசவத்தின் ரத்த வாடை, இவற்றைத் தேடி வரும். பிள்ளை பிறந்த வீட்டைச் சுற்றி முள் வேலி போடுவது குடல் மாட்டிக்கொள்ளும் என்பதற்காக. இரவில் கொடியில் துணி காயக்கூடாது, அதில் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விடும் என்பார்கள். விடிவதற்குள் உடம்போடு வந்து சேர்ந்துவிட வேண்டும். கம்போடியாவில் ஆப், மலேசியாவில் பெனாங்கலான் என்று சுற்றிலும் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பெனாங்கலான் பற்றி நான் சொல்லத் தேவையே இல்லை.

இந்தப் பேயைப் பல காலமாக அருவருப்புக்கும் மலிவான பயத்துக்கும்தான் படங்கள் பயன்படுத்தின. சிதிசிரி மோங்கோல்சிரி இயக்கிய இன்ஹியூமன் கிஸ் அதைத் திருப்பிப் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கிராமம், சாய் என்ற இளம்பெண், காலையில் எழுந்தால் படுக்கையில் ரத்தம், இரவில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. சிறு வயதுத் தோழன் நோய் ஊர் திரும்புகிறான், கூடவே வளர்ந்த இன்னொரு தோழன் ஜெர்டும் அவளையே மனதில் வைத்திருக்கிறான், இதற்கு நடுவில் க்ராசுவை வேட்டையாட ஒரு கூட்டம் ஊருக்குள் வந்து இறங்குகிறது. பெண்ணின் உடம்பு மாறுவதையும், அதை ஊர் வெறியோடு தேடுவதையும், இந்தப் பேயை வைத்துத்தான் இவ்வளவு நேராகச் சொல்ல முடியும். தலை கழலும் முதல் காட்சியில் குமட்டலும் இரக்கமும் ஒன்றாக வருகிறது, அதைச் சாதிப்பது லேசு இல்லை. குறை ஒன்று உண்டு. கடைசிப் பகுதியில் முறத்தை இறக்கையாகக் கட்டிக்கொண்டு பறக்கும் க்ராஹாங் என்ற ஆண் பேயைக் கொண்டுவருகிறார்கள், நாட்டார் கதையில் க்ராசுவுக்கு ஜோடியாகச் சொல்லப்படுவது அது, ஆனால் படத்தில் கணினி வரைகலைச் சண்டையாக அது மாறும்போது அதுவரை கட்டிய மென்மை உடைகிறது. இருந்தும் அந்த ஆண்டு ஆஸ்கருக்குத் தாய்லாந்து அனுப்பிய படம் இதுதான், அனுப்பியது சரியே.

காதல் கதையாக ஒரு பேய்ப் படம் வேண்டும், பழைய படத்தின் நிதானம் ஒத்துவராது என்கிறவர்கள் நாங் நாக்குக்குப் பதில் இதிலேயே ஆரம்பிக்கலாம். க்ராசுவைப் பற்றி மேலே சொன்ன நாலு வரி தெரிந்தால் போதும், முன்கதை எதுவும் வேண்டாம். அந்த வகையில் பீ மாக்கைவிட இது நல்ல வாசல்.

தி மீடியம் வேறு உலகம். இதில் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒற்றைப் பேய் இல்லை. ஈசான் பகுதியில், லோய் மாகாணத்தின் மலைப்புறத்தில் எடுத்த படம், ஆவணப்படம் போலவே கேமரா பின்தொடர்ந்து போகும். தலைமுறையாக ஒரு குடும்பத்துப் பெண்கள் மேல் இறங்கும் பா யான் என்ற தெய்வம், இப்போது அந்தத் தெய்வம் இறங்கும் சாமியாடியாக இருக்கும் நிம், அடுத்து தெய்வம் இறங்கப்போகிறது என்று எல்லோரும் நினைக்கும் அக்காள் மகள் மிங்க், தனக்கு இது வேண்டாம் என்று கிறிஸ்துவத்துக்குப் போய்விட்ட அந்த அக்காள். கதையும் தயாரிப்பும் கொரிய இயக்குநர் நா ஹொங்-ஜின், இயக்கம் மறுபடியும் பன்ஜோங்.

பா யான் படத்துக்காக உருவாக்கிய தெய்வம்தான், ஆனால் அவளைச் சுற்றி இருக்கிற எல்லாம் நிஜ ஈசான். அங்கே பௌத்தம் மேல் தளத்தில் இருக்கிறது, அடியில் மரத்துக்கு, மலைக்கு, வயலுக்கு, வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆவி உண்டு, நோய் தீர்க்கக் கேன் என்ற மூங்கில் குழல் வாத்தியம் வாசித்து ஆவி இறக்கும் வழக்கம் உண்டு. முதல் ஒரு மணி நேரம் படம் இதையெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறது. அந்த முதல் பாதிதான் எனக்கு முக்கியம். நிம் சடங்கு செய்யும்போது அவசரமே இல்லை, வருகிறவர்களிடம் என்னால் எது முடியும் எது முடியாது என்று ஒரு நாட்டு வைத்தியரைப் போலப் பேசுகிறாள். இரண்டாம் பாதியில் இரவுக் கேமராக் காட்சிகள் ஆரம்பித்ததும் படம் உலகத்தில் எங்கும் எடுக்கக்கூடிய ஆவிப் படமாக மாறிவிடுகிறது, ரத்தம், கூச்சல், ஓட்டம். சோதனையை வைத்தால் முதல் பாதி தேறும், இரண்டாம் பாதி தேறாது. ஆனால் கடைசியில் நிம்மின் பழைய நேர்காணல் ஒன்று வருகிறது, தெய்வத்தை நம்பியே வாழ்ந்தவளின் வாயிலிருந்து வரும் சில வார்த்தைகள், அந்த ஒரு நிமிடம் முந்தைய நாற்பது நிமிடக் கூச்சலைவிடப் பயங்கரம். நாயைக் கொடுமைப்படுத்தும் காட்சியும் குழந்தைக்கு ஆபத்து வரும் காட்சியும் இருக்கின்றன, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், வீட்டில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது போடாதீர்கள்.

டெத் விஸ்பரர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தவீவத் வந்தா இயக்கம், நாடேச் குகிமியா நாயகன், 1970-களின் காஞ்சனபுரி கிராமத்தில் ஒரு பெரிய குடும்பம், கறுப்பு உடையில் ஒரு பெண் உருவம், 'தீ யோட்' என்று இருட்டில் கேட்கும் விசித்திரமான குரல். பாண்டிப் என்ற தாய்லாந்து இணையத் தளத்தில் ஒருவர் தன் குடும்பத்துக் கதை என்று எழுதிய பதிவிலிருந்து நாவலாகி, அதிலிருந்து படமானது. அந்தக் குரலும், இரவில் வீட்டின் மரப் பலகைகள் போடும் சத்தமும் நன்றாகவே வேலை செய்கின்றன, பெரிய வசூல், அடுத்தடுத்த பாகங்களும் வந்தாயிற்று. ஆனால் அந்தக் கறுப்பு உருவத்துக்குப் பதில் வேறு எந்தத் தீய சக்தியை வைத்தாலும் படம் இதே மாதிரி ஓடும், போகப் போக அது பேயை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கும் அண்ணனின் படமாக ஆகிவிடுகிறது. கூட்டமாக உட்கார்ந்து அலறிவிட்டு எழுந்து போக நல்ல தேர்வு, ஆரம்பத்துக்கு வேண்டாம்.

1989-ல் தொடங்கிய 'பான் ஃபீ போப்' வரிசையை ஏன் விட்டாய் என்று தெரிந்தவர்கள் கேட்கலாம். ஈசானின் போப் பேயைப் பார்த்து ஊரே ஓடித் தண்ணீர் ஜாடிகளுக்குள் குதித்து ஒளிந்துகொள்கிற அந்த நகைச்சுவைப் படங்கள் அந்த நாட்டு மக்களுக்கு உயிர். மொழியும் வட்டாரப் பேச்சும் தெரியாமல் துணைத்தலைப்பை நம்பிப் பார்க்கிற நமக்கு முதல் படமாக அது கைகொடுக்காது.

ஆக, தனியாகவோ துணையோடோ ஒரு இரவு அமைதியாக உட்கார முடியும் என்றால் நாங் நாக், அடுத்த வாரம் குடும்பத்தோடு பீ மாக். பழைய படத்தின் வேகம் பொறுக்காது என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் இன்ஹியூமன் கிஸ்ஸில் தொடங்கிவிட்டு நாங் நாக்குக்கு வாருங்கள், வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தி மீடியத்தை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள், அதற்குள் அந்த ஊர்ச் சடங்குகள் கொஞ்சம் பழகியிருக்கும், முதல் பாதி இழுக்கிறது என்று தோன்றாது. எதைப் பார்த்தாலும் ஆங்கிலக் குரல் சேர்த்த பதிப்பைத் தொடாதீர்கள். தாய்லாந்து மொழியில் துணைத்தலைப்போடு பாருங்கள், நாக் ஆற்றங்கரையில் நின்று கணவன் பெயரைக் கூப்பிடுவதை அந்த மொழியில், இந்திராவின் குரலில் கேட்க வேண்டும்.